ஷார்ட் ஸ்கேல் எலெக்ட்ரிக் கிட்டார்: குறைந்த செலவில் முதல் கருவியைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எலெக்ட்ரிக் கிட்டார் கற்கத் தொடங்கும் பலரும் முதல் சில வாரங்களில் இரண்டு குறைகளைச் சொல்வார்கள்: விரல் எட்டவில்லை, விரல் நுனி வலிக்கிறது. கேட்டவுடன் சுற்றியிருப்பவர்கள் சின்ன கிட்டாராக வாங்கச் சொல்கிறார்கள். அந்த யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. ஷார்ட் ஸ்கேல் கிட்டார், அதாவது கம்பி அதிரும் நீளம் குறைந்த கிட்டார், எட்டாமையை உறுதியாகக் குறைக்கும். வலியை ஓரளவுதான் குறைக்கும். வலியின் பெரும்பகுதி, கம்பிகள் ஃப்ரெட்டுகளுக்கு (நெக் எனப்படும் கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளுக்கு) மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. அந்த உயரம் எந்த அளவு கிட்டாரிலும் தவறாக இருக்கலாம், எந்த அளவு கிட்டாரிலும் சரிசெய்யப்படலாம். எனவே பணம் கொடுப்பதற்கு முன் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்து, உங்களுக்கு வேண்டியது சிறிய கருவியா, ஒழுங்காகச் சரிசெய்யப்பட்ட கருவியா, இரண்டுமா என்று கண்டுகொள்வதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

முதல் படி: ஸ்கேல் நீளத்தை நீங்களே அளந்து பாருங்கள்

ஸ்கேல் நீளம் என்பது கிட்டாரின் மொத்த நீளம் ஆகாது. நெக்கின் தலைப்பகுதியில் கம்பிகள் பள்ளங்களில் அமர்ந்திருக்கும் சிறு துண்டாகிய நட்டிலிருந்து, பாடியின் மேல் கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் சேடில் (கம்பி அமரும் சிறு துண்டு) வரை கம்பி அதிரும் நீளமே ஸ்கேல். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியின் சேடிலும் சற்று முன்பின்னாக இருப்பதால் அங்கே அளந்தால் குழப்பம் வரும். நட்டின் விளிம்பிலிருந்து 12-வது ஃப்ரெட்டின் நடுப்பகுதி வரை டேப்பால் அளந்து இரண்டால் பெருக்குவதே சரியான முறை. அந்தப் பாதி அளவு 32.4 செ.மீ. இருந்தால் அது 25.5 அங்குல ஸ்கேல், அதாவது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்), டெலிகாஸ்டர் வகைகளின் முழு அளவு. 30.5 செ.மீ. இருந்தால் 24 அங்குலம். 28.9 செ.மீ. இருந்தால் 22.75 அங்குலம்.

நம் ஊர்க் கடைகளில் இந்த அளவீடு கட்டாயம் தேவைப்படுகிறது. அக்கூஸ்டிக் கிட்டார்களை '38 இன்ச்', '40 இன்ச்' என்று சொல்லி விற்கும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. அந்த எண் கருவியின் தலை முதல் அடி வரையான மொத்த நீளம். எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் சிலர் அதே பாணியில் ஓர் எண்ணைச் சொல்வார்கள், சிலர் 'முக்கால் சைஸ்' என்பார்கள். இரண்டிலிருந்தும் ஸ்கேலைக் கணிக்க முடியாது. பையில் ஒரு தையல் டேப் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாம் படி: அளவு குறைந்தால் எது, எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஃப்ரெட்டுகளின் இடைவெளி ஸ்கேலுக்கு நேர் விகிதத்தில் சுருங்குகிறது. தொடக்கநிலையில் எல்லோரையும் திணற வைக்கும் எஃப் பாரே கார்டை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு பிடியை) எடுத்துக்கொள்வோம். ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பிகளையும் அழுத்த, மோதிர விரலும் சுண்டு விரலும் மூன்றாம் ஃப்ரெட்டுக்குப் போக வேண்டும். நட்டிலிருந்து மூன்றாம் ஃப்ரெட் வரையான தூரம் 25.5 அங்குல கிட்டாரில் 103 மி.மீ., 24 அங்குலத்தில் 97 மி.மீ., 22.75 அங்குலத்தில் 92 மி.மீ. முழு அளவுக்கும் 24 அங்குலத்துக்கும் ஆறு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்று காகிதத்தில் அற்பமாகத் தோன்றலாம். விரல்கள் விரியக்கூடிய எல்லையின் விளிம்பில் நிற்கும் கைக்கு அந்த ஆறு மில்லிமீட்டர் மிகப் பெரிது.

இழுவிசை ஸ்கேலின் இருமடியைப் பொறுத்தது, ஆகையால் அது இன்னும் வேகமாகக் குறைகிறது. ஒரே கம்பியை ஒரே சுருதியில் கட்டினால் 24 அங்குல கிட்டாரில் இழுவிசை முழு அளவைவிட ஏறத்தாழ 11 விழுக்காடும், 22.75 அங்குலத்தில் 20 விழுக்காடும் குறைவு. 0.010 அங்குல மெல்லிய ஈ கம்பி முழு அளவு கிட்டாரில் சுமார் 7.3 கிலோ இழுவிசையில் நிற்கும்; 24 அங்குலத்தில் அது 6.5 கிலோவாகிறது. கம்பியை வளைத்துச் சுருதி ஏற்றும் பெண்டிங் இதனால் எளிதாகிறது. கூடவே ஒரு சங்கடமும் வருகிறது: தளர்ந்த கம்பியைத் தேவைக்கு அதிகமாக அழுத்தினால் சுருதி உடனே ஏறிவிடும், தொடக்கநிலையாளர்கள் அதிகமாக அழுத்தாமல் இருப்பதும் இல்லை. இதற்கான மருந்து கம்பியின் தடிமனில் இருக்கிறது. கடைசிப் படியில் அதைப் பார்ப்போம்.

இடையில் ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடலாம். ஷார்ட் ஸ்கேல் என்றால் குழந்தை விளையாட்டுப் பொருள் என்று நினைப்பவர்கள் உண்டு. ஃபெண்டர் நிறுவனம் 1956-இல் மியூசிக்மாஸ்டர், டுவோ-சோனிக் என்ற இரண்டு மாடல்களை 22.5 அங்குல ஸ்கேலில் மாணவர்களுக்காகவே கொண்டுவந்தது உண்மை. ஆனால் அதே நிறுவனம் 1962-இல் தன் விலையுயர்ந்த மாடலாக வெளியிட்ட ஜாகுவாரும் 24 அங்குலம்தான். 1964-இல் வந்த மஸ்டாங் மாணவர் கிட்டாராகப் பிறந்து, பின்னாளில் நிர்வானா குழுவின் கர்ட் கோபேன் கைக்குப் போய் உலக மேடைகளில் ஒலித்தது. 24 அங்குல கிட்டாரை வாங்கும் பெரியவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாம் படி: கேப்போ வைத்துச் சோதியுங்கள்

கடையில் ஷார்ட் ஸ்கேல் கிட்டார் இருப்பில் இல்லாவிட்டாலும், அது உங்கள் கைக்கு எப்படி இருக்கும் என்பதை முழு அளவு கிட்டாரிலேயே கண்டுபிடிக்க முடியும். இதை நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு ஆகும் செலவு ஒரு கேப்போவின் (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்தும் கவ்வியின்) விலை மட்டுமே.

25.5 அங்குல ஸ்கேலுள்ள ஒரு கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜை ஆட்டிச் சுருதியை அசைக்கும் கைப்பிடி இல்லாத, நிலையான பிரிட்ஜ் உள்ள டெலிகாஸ்டர் வகையாக இருந்தால் நல்லது, ஏனென்றால் ஸ்பிரிங் பிரிட்ஜ் உள்ளதில் சுருதியை மாற்றும்போது பிரிட்ஜே நகரும். ஆறு கம்பிகளையும் அரைச் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டுங்கள். கேப்போவிலிருந்து பிரிட்ஜ் வரை இப்போது 24.07 அங்குலம். சுருதி வழக்கமான ஈ-யிலேயே நிற்கிறது, ஃப்ரெட் இடைவெளியும் இழுவிசையும் ஒரு மஸ்டாங்கில் உள்ளவைதான். நெக்கில் உள்ள புள்ளிகள் ஓரிடம் தள்ளிப்போகும். அதை மட்டும் பொருட்படுத்த வேண்டாம். இந்த நிலையில் தெரிந்த கார்டுகளை ஐந்து நிமிடம் வாசியுங்கள். பிறகு மொத்தம் ஒரு முழுச் சுரம் இறக்கி, கேப்போவை இரண்டாம் ஃப்ரெட்டுக்கு மாற்றினால் 22.72 அங்குலம், ஃபெண்டரின் குறைந்த விலைப் பெயரான ஸ்குவையரில் வரும் மினி ஸ்ட்ராட்டின் அளவு கையில் வந்துவிடும். திரும்பத் திரும்பச் சுருதி சேர்ப்பதைக் கடைக்காரர் விரும்பாவிட்டால், சுருதியை மாற்றாமல் கேப்போவை மட்டும் நகர்த்திப் பாருங்கள். இழுவிசை தெரியாது, ஆனால் விரல் இடைவெளி துல்லியமாகத் தெரியும்.

இந்தச் சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. கேப்போ மாட்டியதும் நட்டுக்கு வேலை இல்லாமல் போகிறது. நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல் வெட்டப்பட்டிருக்கும் கிட்டாரில், மலிவான கிட்டார்களில் இது சாதாரணம், முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பி உயரமாக நின்று அழுத்தவே முடியாதபடி இருக்கும். அப்படிப்பட்ட கருவியில் முதல் ஃப்ரெட்டில் கேப்போ வைத்ததும் அற்புதம் நடந்ததுபோல் எல்லாம் எளிதாகிவிடும், பயன்படுத்துபவர் அதை ஸ்கேலின் பலன் என்று எண்ணிக்கொள்வார். அதனால் கேப்போ இல்லாத நிலையையும் முதல் ஃப்ரெட் நிலையையும் மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள். முதல் ஃப்ரெட் நிலையையும் இரண்டாம் ஃப்ரெட் நிலையையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் நட்டுக்குப் பங்கில்லை, மிஞ்சுவது பெரும்பாலும் அளவின் வேறுபாடுதான். கேப்போ போட்டதும் மலைபோன்ற வித்தியாசம் தெரிந்து, அதை ஒரு ஃப்ரெட் நகர்த்தியபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றால், உங்கள் கைக்கு முழு அளவே போதும். அந்தக் கிட்டாரின் நட்டுக்குத்தான் வைத்தியம் தேவை.

நான்காம் படி: யாருக்கு எந்த அளவு என்று முடிவெடுங்கள்

என் கணிப்பு இது. பெரியவர்களில் சிறிய கை உடையவர்களுக்கும், பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்கும் 24 அங்குலம் பொருந்தும். அதைவிடக் குறைந்த 22 அங்குல வகைகளை ஆறு முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகளுக்கு மட்டும் வாங்கலாம். காரணம் எளிது: ஸ்கேல் குறையக் குறைய மேல் ஃப்ரெட்டுகள் நெருங்கிப்போகின்றன. 22.2 அங்குல கிட்டாரில் 11-வது ஃப்ரெட்டுக்கும் 12-வது ஃப்ரெட்டுக்கும் இடையே 16.8 மி.மீ.தான் இருக்கிறது, வளர்ந்தவரின் விரல் நுனிக்கு அது இறுக்கமான இடம், அதற்கு மேலே போகப் போக நிலைமை மோசமாகும். எட்டு வயதுப் பிள்ளையின் விரலுக்கு அது ஒரு பிரச்சினையே ஆகாது.

ஸ்கேலுக்கு அடுத்து, கிட்டாரின் உருவத்தையும் பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. கிப்ஸன் நிறுவனத்தின் எஸ்ஜி வடிவக் கிட்டாரின் ஸ்கேல் 24.75 அங்குலம், ஸ்ட்ராட்டைவிடக் குறைவு. ஆனால் அதன் நெக் பாடியைவிட்டு வெகுதூரம் வெளியே நீண்டிருப்பதால், மடியில் வைத்து உட்கார்ந்தால் முதல் ஃப்ரெட் உடலிலிருந்து ஸ்ட்ராட்டைவிடத் தள்ளி நிற்கும். விரல்களுக்குச் சிறியதாகவும் கைக்கு நீளமாகவும் இருக்கும் இந்த வினோதம் குட்டைக் கைப் பிள்ளைகளை அதிகம் வருத்துகிறது. போதாக்குறைக்கு, பட்டையில் தொங்கவிட்டால் தலைப்பக்கம் கீழே சாயும் பழக்கமும் எஸ்ஜிக்கு உண்டு. லெஸ் பால் வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் எடை அதிகம். நான்கு கிலோவை நெருங்கும் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளை அரைமணி நேரம் நிற்காது. ஆகவே வாங்கப் போகும் நபர் உட்கார்ந்தும் நின்றும் ஒருமுறை பிடித்துப் பார்க்காமல் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வகையில் கிடைக்கும் மாடல்கள் குறைவு. கடைக்குப் போகுமுன் இருப்பைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: மாடல்களைச் சுருக்கிக்கொள்ளுங்கள்

குறைந்த விலையில் எங்கும் பேசப்படும் 24 அங்குலக் கிட்டார் ஸ்குவையர் நிறுவனத்தின் மஸ்டாங். 2023-இல் அந்நிறுவனம் தன் புல்லட் வரிசைக்குப் பதிலாக சோனிக் வரிசையைக் கொண்டுவந்தது. சோனிக் மஸ்டாங்கில் இரண்டு சிங்கிள் காயில் பிக்கப்புகள் (பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் காந்தச் சுருள்; அதன் வகைகளை ஏழாம் படியில் பார்ப்போம்). சோனிக் மஸ்டாங் ஹெச்ஹெச் என்பதில் இரண்டு ஹம்பக்கர்கள். இரண்டிலும் 22 ஃப்ரெட்டுகளும் ஆறு தனித்தனிச் சேடில்கள் கொண்ட நிலையான பிரிட்ஜும் உண்டு. பழைய புல்லட் மஸ்டாங்கும் அளவிலும் அமைப்பிலும் ஏறத்தாழ இதே கிட்டார்தான் என்பதால், பயன்படுத்தியது நல்ல நிலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம். இந்த வகையில் தொடக்கநிலையாளருக்கு நான் முதலில் காட்டுவது சோனிக் மஸ்டாங் ஹெச்ஹெச்சைத்தான்.

ஸ்குவையரின் கிளாசிக் வைப் வரிசையிலும் 24 அங்குல மஸ்டாங்கும் ஜாகுவாரும் உள்ளன. பார்க்க மிக அழகானவை. வேலைப்பாடும் ஒரு படி மேல், விலையும் அப்படியே. ஆனால் அவற்றில் பழைய பாணியின் மிதக்கும் விப்ராட்டோ பிரிட்ஜ் (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஆட்டும் வகை) இருக்கிறது. ஒரு கம்பி அறுந்தால் மற்றவையும் சுருதி மாறும். கம்பி மாற்றிச் சுருதி சேர்ப்பதற்கே புதியவருக்கு ஒரு மாலை போய்விடும். ஜாகுவாரில் கூடுதலாக உள்ள சுவிட்சுகளில் ஏதாவது ஒன்றைத் தெரியாமல் தட்டிவிட்டு, கிட்டாரிலிருந்து ஒலியே வரவில்லை என்று பதறுபவர்கள் உண்டு. இவை இரண்டாவது கிட்டாராக வாங்கத் தக்கவை.

சிறு பிள்ளைகளுக்கான வகையில் மூன்று பெயர்கள் போதும். ஸ்குவையர் மினி ஸ்ட்ராட் 22.75 அங்குலம், 20 ஃப்ரெட்டுகள், மூன்று சிங்கிள் காயில்கள். ஐபனெஸ் மைக்ரோ ஜிஆர்ஜிஎம்21 22.2 அங்குலம், 24 ஃப்ரெட்டுகள், இரண்டு ஹம்பக்கர்கள். ஜாக்சன் டிங்கி மினியன் ஜேஎஸ்1எக்ஸ் 22.5 அங்குலம், அதிலும் 24 ஃப்ரெட்டுகள், இரண்டு ஹம்பக்கர்கள். மூன்றிலும் பிரிட்ஜ் நிலையானது. பிள்ளைக்கு எந்த வடிவமும் நிறமும் பிடிக்கிறதோ அதையே வாங்கலாம். எடுத்து வாசிக்கத் தூண்டும் கிட்டார்தான் அந்த வயதில் நல்ல கிட்டார்.

24 அங்குலம் கிடைக்காத இடத்தில் எபிஃபோனின் 24.75 அங்குலக் கிட்டார்கள் நடுவழியாக உதவும். ஆனால் இழுவிசை முழு அளவைவிட ஆறு விழுக்காடே குறைவு. ஷார்ட் ஸ்கேலின் பயனை முழுதாக எதிர்பார்க்கக் கூடாது.

ஆறாம் படி: கடையில் அந்தக் குறிப்பிட்ட கிட்டாரைச் சோதியுங்கள்

ஒரே மாடலில் அடுத்தடுத்துத் தொங்கும் இரண்டு கிட்டார்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை, அதுவும் இந்த விலையில். மாடலைத் தேர்ந்தெடுப்பதற்குச் செலவிட்ட நேரத்தைவிட அதிக நேரத்தை இந்தச் சோதனைக்குக் கொடுங்கள். கையில் தேவையானவை: எழுத்துகள் புடைத்திராத மூன்று பழைய ஏடிஎம் அட்டைகள், ஒரு தாள், கைபேசியில் ஒரு டியூனர் செயலி.

முதலில் நட். ஒவ்வொரு கம்பியையும் மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு ஒளி தெரிந்தால் போதும். கம்பி ஃப்ரெட்டின் மேலேயே படுத்திருந்தால் பள்ளம் ஆழமாகிவிட்டது, திறந்த கம்பியை மீட்டும்போது ஜிர்ரென்று இரையும். மூன்று நான்கு தாள்கள் நுழையுமளவு சந்து இருந்தால் பள்ளம் உயரம். இது சரிசெய்யக் கூடியது, விலை பேசும்போது சுட்டிக்காட்ட வேண்டியதும்கூட.

அடுத்து நெக்கின் வளைவு. தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டில் மறு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பகுதியில் கம்பிக்கு அடியில் கால் மில்லிமீட்டர், அதாவது இரண்டு மூன்று தாள்களின் தடிமன் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். அதிகமாகவோ இல்லாமலோ இருந்தால் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம். பயன்படுத்திய கிட்டார் என்றால், அந்தத் திருகு இன்னும் திரும்புகிறதா என்பதை விற்பவரையே திருகிக் காட்டச் சொல்லுங்கள். நெக் முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போது இரு ஓரங்களும் இணையாக ஓடாமலிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இப்போது கம்பி உயரம். ஏடிஎம் அட்டையின் தடிமன் சர்வதேசத் தரப்படி 0.76 மி.மீ. இரண்டு அட்டைகளைச் சேர்த்தால் 1.5 மி.மீ. 12-வது ஃப்ரெட்டின் மேல் அவற்றை வைத்து மெல்லிய ஈ கம்பிக்கு அடியில் நுழைத்தால் கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டு போக வேண்டும். தடித்த ஈ கம்பிக்கு அடியில் இரண்டு அட்டைகள் தளர்வாகவும் மூன்று அட்டைகள் நுழையாமலும் இருந்தால் உயரம் இரண்டு மி.மீ. அளவில் இருக்கிறது என்று கொள்ளலாம். மூன்று அட்டைகளும் தாராளமாகப் போனால் பதறத் தேவையில்லை. தொழிற்சாலையிலிருந்து அப்படித்தான் வருகிறது, சேடிலில் உள்ள சிறு திருகுகளால் இறக்கிவிடலாம். ஆனால் சேடில்கள் ஏற்கெனவே அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தும் கம்பி உயரமாக நின்றால், நெக் பொருத்தப்பட்ட கோணம் தவறு. வேறு கிட்டாரை எடுங்கள்.

பிறகு ஆறு கம்பிகளிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டிக்கொண்டே போங்கள். ஏதோ ஓரிடத்தில் மட்டும் ஒலி சட்டென்று செத்துப்போனாலோ, அடுத்த ஃப்ரெட்டின் ஒலியே வந்தாலோ அங்கே ஒரு ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. நெக்கின் இரு ஓரங்களிலும் உள்ளங்கையை நட்டிலிருந்து பாடி வரை தடவுங்கள். ஃப்ரெட் முனைகள் ரம்பம்போல் பிறாண்டக் கூடாது. குளிரூட்டப்பட்ட உலர்ந்த கடைகளில் நெக் மரம் சற்றே சுருங்கி முனைகள் துருத்துவது உண்டு. அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம் என்றாலும், பிள்ளையின் கையைக் கிழிக்கும் கிட்டாரைப் பிள்ளை தொடாது.

கடைசியாக ஆம்பில் (ஒலிபெருக்கியில்) இணைத்து, ஒவ்வொரு குமிழையும் முழுதாகத் திருகுங்கள், சுவிட்சை எல்லா நிலைகளிலும் வையுங்கள், ஜாக்கில் செருகிய கேபிளை லேசாக அசையுங்கள். கரகரப்பும் ஒலி விட்டுவிட்டு வருவதும் சிறு செலவில் தீர்பவைதான், ஆனால் புதிய கிட்டாரில் அவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஏழாம் படி: பிக்கப், ஆம்ப், வீட்டு மின்சாரம்

பிக்கப் வகையில் ரசனைக்கு இடம் உண்டு. சிங்கிள் காயில் தெளிவாகவும் கூர்மையாகவும் ஒலிக்கும், ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஹும் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக வேலை செய்து அந்த இரைச்சலைக் கழித்துவிடுகின்றன. ஃபேன் ரெகுலேட்டரும் டியூப் லைட்டும் பக்கத்திலேயே இருக்கும் வீட்டு அறையில் பழகுபவருக்கு ஹம்பக்கர் நிம்மதி தரும். இரைச்சல் எந்த வகையில் வந்தாலும் கம்பியைத் தொட்டவுடன் குறைய வேண்டும். தொட்டால் கூடுகிறது என்றால் கிட்டாருக்குள் எர்த் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆம்பின் மூன்று பின் பிளக்கை எர்த் உள்ள பாயின்டில்தான் செருக வேண்டும். எர்த் பின்னை விட்டுவிடும் மலிவான அடாப்டர் வழியாகச் செருகி, கம்பியில் கை வைத்தால் சுள்ளென்று அடிக்கிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது இரைச்சலைப் பற்றிய விஷயம் இல்லை, உயிர் பற்றிய விஷயம்.

அடுக்ககத்தில் குடியிருப்பவர் பெரிய ஆம்ப் வாங்கத் தேவையில்லை. கிட்டாரிலேயே செருகிக்கொள்ளும் வாக்ஸ் ஆம்ப்பிளக், ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ போன்ற ஹெட்போன் ஆம்ப் ஒன்றே முதல் ஆண்டுக்குப் போதும்.

எட்டாம் படி: பணத்தைப் பங்கிடுங்கள்

கையில் உள்ள மொத்தத் தொகையையும் கிட்டாருக்கே கொடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மூன்றில் இரண்டு பங்கைக் கிட்டாருக்கும், மீதியை ஆம்ப், கேபிள், ஒரு செட் மாற்றுக் கம்பி, செட்டப் ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். 30,000 ரூபாய் இருந்தால் 20,000 ரூபாய்க்குள் கிட்டாரைத் தேடுவது என்று பொருள். கிட்டார், ஆம்ப், பை, பட்டை எல்லாம் சேர்ந்த 'பேக்' கவர்ச்சியாகத் தெரியும். அதில் உள்ள ஆம்பைத் தனியாக மீட்டிக் கேட்டுப் பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள்.

செட்டப் என்பது நட் பள்ளம், நெக் வளைவு, கம்பி உயரம், இன்டொனேஷன் (மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி பிசகாமல் நிற்பது) நான்கையும் ஒருவர் உட்கார்ந்து ஒழுங்கு செய்வது. எந்த ஊரிலும் கிட்டார் ஆசிரியர்களுக்கும் இசைக்குழுவில் வாசிப்பவர்களுக்கும் இதைச் செய்யும் ஒருவரைத் தெரிந்திருக்கும், அவர்களிடம் விசாரியுங்கள். விலை குறைந்த கிட்டாரை நல்ல செட்டப்போடு வாசிப்பது, விலை கூடிய கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே வாசிப்பதைவிட எளிது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முக்கியமான ஒன்று: எந்தத் தடிமன் கம்பியைப் போடப் போகிறீர்கள் என்பதை முன்னதாகவே முடிவு செய்து, அதை மாட்டித்தான் செட்டப் செய்யச் சொல்ல வேண்டும். பின்னால் கம்பியை மாற்றினால் இழுவிசை மாறி, செய்த வேலை கலைந்துவிடும்.

ஒன்பதாம் படி: கம்பியும் இன்டொனேஷனும்

இந்த விலையில் விற்கும் பல கிட்டார்கள் 9-42 செட் கம்பியோடு வருகின்றன (எண்கள் மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகளாகச் சொல்பவை). முழு அளவு கிட்டாரில் அது மென்மையாக இருக்கும். 24 அங்குலத்தில் தொளதொளவென்றாகி, சற்று அழுத்தினாலே சுருதி தப்பும். எனவே 24 அங்குலத்துக்கு 10-46 செட்டைப் போடுங்கள். டிஅடாரியோ, எர்னி பால் இரண்டு நிறுவனங்களின் சாதாரண நிக்கல் கம்பிகளே போதும். 22 அங்குல வகைகளில் சிறு பிள்ளைக்கு 10-46 போட்டால் மெல்லிய ஈ கம்பியில் இழுவிசை முழு அளவில் 9-42 போட்டதற்கு நிகராக இருக்கும். விரல் பழகியபின் 11-49 போடலாம், அது முழு அளவில் 10-46 போட்ட உணர்வைத் தரும். தடித்த கம்பி நட் பள்ளத்தில் சிக்காமல் அமர்கிறதா என்பதைச் செட்டப் செய்பவர் பார்த்துக்கொள்வார்.

சென்னைபோன்ற கடலோர ஊர்களில் வியர்வையும் காற்றின் ஈரமும் சேர்ந்து கம்பியை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியை மேலும் அடியுமாகத் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்திலும் கோடையிலும் நெக் சற்று வளைந்து நிமிரும் என்பதால், தாளை வைத்துச் செய்த அந்தச் சோதனையை ஆண்டுக்கு இருமுறை செய்து பார்க்கலாம்.

புதுக் கம்பி மாட்டிய இரண்டு மூன்று நாளில், அது இழுபட்டு நிலைத்தபின், இன்டொனேஷனைச் சோதியுங்கள். டியூனரைப் பார்த்தபடி 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் ஒலியை எழுப்புங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை மிதமாக அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் அந்தக் கம்பியின் சேடிலை நெக்கிலிருந்து பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்குக் கொண்டுவாருங்கள்; ஒவ்வொரு முறையும் திறந்த கம்பியை மீண்டும் சுருதி சேர்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். 12-வது ஃப்ரெட் சரியாக இருந்தும், மிதமாக அழுத்தியபோதுகூட முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மட்டும் சுருதி ஏறினால் நட் பள்ளம் இன்னும் உயரமாக இருக்கிறது என்று பொருள். செட்டப் செய்தவரிடமே கிட்டாரைக் கொண்டுபோய், மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைக் காட்டுங்கள்.